சும்மா ஓடுகிற பிள்ளைகள்

டிரில் மாஸ்டர் வேலையில் பையன்களை ஓட வைப்பது சுலபம். பெற்றவர்களைச் சம்மதிக்க வைப்பதற்குள்தான் நமக்கு மூச்சு வாங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் காலம் தள்ளிய உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் இருந்தேன். வருஷா வருஷம் கிராஸ் கன்ட்ரி ரேஸ் உண்டு. வயல், ஏரிக்கரை, ரோடு என்று சுற்றிவிட்டுப் பள்ளி வாசலுக்கே திரும்ப வேண்டும். அங்கே கொடியைப் பிடித்துக்கொண்டு நான் ஒருத்தன்தான் நிற்பேன். எந்தத் தகப்பனும் எட்டிப் பார்த்ததில்லை. ஹெட்மாஸ்டருக்கு அலுத்துவிட்டது.

"பெத்தவங்களுக்கே வேண்டாத ஓட்டம் நமக்கு எதுக்கு மாஸ்டர்? இந்த வருஷமும் யாரும் வரலேன்னா நிறுத்திடுங்க."

இருந்தால் போதாதா?

எனக்கு அந்த ஊரில் ஒண்டிக்கட்டை வாழ்க்கை. வாடகை அறை, ஓட்டல் சாப்பாடு. ரேஸும் போய்விட்டால் பேசுவதற்குக்கூட எனக்கு விஷயமில்லை. அதனால் சாயங்காலமானால் பெற்றவர்களை ரேஸுக்குக் கூப்பிட வீடு வீடாகக் கிளம்பினேன்.

எங்கள் பள்ளியில் நன்றாக ஓடுகிறவன் நசரத்பேட்டை முனுசாமி. அவன் அப்பா கோவிந்தன் கழனியில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். எங்கேயிருந்து ஓடணும் என்று கேட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து என்றேன். எதுவரைக்கும் என்றார். பள்ளிக்கூடம் வரைக்கும் என்றேன். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பொறப்பட்ட எடத்துக்கே வர்றதுக்கு இன்னாத்துக்கு வாத்யாரே ஓடணும்? அங்கியே குந்தினு இருந்தா போதாதா?"

குத்தம்பாக்கத்தில் கூச்சல்

நான் மூன்று முறை நடையாய் நடந்த பிறகு, ரேஸுக்கு வருவதாகக் கோவிந்தன் அரைமனதாகத் தலையாட்டினார். பயிற்சிக்காகப் பையன்களைக் குத்தம்பாக்கம் வரை ஓடவிட்டேன். அந்த நாளில் ஊருக்குள் ஒருத்தன் இரைக்க இரைக்க ஓடி வந்தால் சாவுச் செய்தி என்றுதான் அர்த்தம். இது எனக்கு உறைக்கவே இல்லை, பாருங்கள்!

முனுசாமி முதலில் போய்ச் சேர்ந்திருக்கிறான். தண்ணீர் எடுத்து வந்த ஒரு அம்மாள், பிறந்த வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று குடத்தைப் போட்டு உடைத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள். தெருவே கூடிவிட்டது. சைக்கிளில் பின்னால் போன நான் கையெடுத்துக் கும்பிட்டு, யாரும் சாகவில்லை, இது விளையாட்டு என்று விளக்கினேன். திட்டித் தீர்த்தாள். கிளம்பும்போது கூப்பிட்டுச் சொன்னாள்:

"அடுத்த தபா சிரிச்சிக்கினே ஓடச் சொல்லு, ஆமா!"

வண்டியில் வந்த முதல்வன்

ரேஸ் நாள். ஹெட்மாஸ்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஈ காக்கை இல்லை. சரி, இதோடு தொலைந்தது என்று நினைத்தேன். அப்போது ரோட்டில் ஒரு மாட்டு வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் கோவிந்தன்! பார்த்தீர்களா என்று ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினேன்.

வண்டி நின்றது. உள்ளேயிருந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினான் முனுசாமி. எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தவனை வழியில் பார்த்து, அப்பா தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். என்ன செய்ய? அவன் ஓடியது செல்லாது என்று சொன்னேன். பையன் அழுதான். கோவிந்தனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"புள்ள மூச்சு வாங்கிக்கினு ஒண்டியா வரான். பாத்தும் பாக்காத மாரி வண்டிய ஓட்டிக்கினு வந்தா நான் இன்னா அப்பன்?"

அடுத்த வருஷம்

எப்படி வந்தாலும் வந்தவர் தகப்பன்தானே என்று ஹெட்மாஸ்டர் ரேஸை நிறுத்தவில்லை. கோவிந்தன் இனி இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார் என்று நினைத்தேன். வந்தார், வண்டி இல்லாமல் நடந்தே. என் பக்கத்தில் நின்றார். முனுசாமி முதலாவதாக வந்ததும் தோள்துண்டால் அவன் முதுகைத் துடைத்துவிட்டார். பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது.

போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். கடைசிப் பையன் இன்னும் வரவில்லை, நான் நின்றுகொண்டிருந்தேன். இதில் உன் பிள்ளை எது என்று கேட்டார். எனக்கு யாருமில்லை என்றேன்.

"அப்போ யாருக்கோசரம் வாத்யாரே இப்படி வெயில்ல காஞ்சினு கீறே?"

இத்தனை பிள்ளைகளை ஓட விட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.