வெர்னர் சொன்னால் நம்பாதீர்கள்

ஆந்தை ஏரிக்கரையில் ஆர்டிஸ் மாக்கியைத் தெரியாதவர் கிடையாது. தூண்டில் புழுவும் குஞ்சுமீனும் விற்பாள், சில மரவீடுகளை வாடகைக்கு விடுவாள், எவனாவது ஏமாற்ற நினைத்தால் வாயாலேயே தோலை உரித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளை ஒரு காகிதம் ஏமாற்றிவிட்டது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடகோடி அது. ஏரி உறைந்ததும் ஊரே அதன் மேல் கூடாரம் போட்டு, துளை வழியே தூண்டிலை இறக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆனால் அந்த ஏரிக்குள் ஓர் ஆறு ஓடுகிறது. ஏரி குறுகும் இடத்தில், மேலே வெள்ளையாய்ச் சாதுவாகக் கிடக்கும் ஐஸை அது கீழிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஆர்டிஸின் கணவன் வெர்னர் தினமும் காலையில் அங்கே துளை போட்டு ஐஸின் கனத்தை அளந்து, கடையின் இணையப் பக்கத்தில் எழுதுவான். ஒருநாள் "இன்று பதினாலு அங்குலம். தாராளமா வாங்க" என்றிருக்கும். இன்னொரு நாள் "பேசாம வீட்டிலேயே கிடங்க" என்றிருக்கும். கீழே அவன் பெயர். அதைப் பார்க்காமல் ஊரில் யாரும் ஐஸில் காலை வைத்ததில்லை. அவன் எழுதாத நாளில் இறங்கியதும் இல்லை.

ஒரு கோடையில் வெர்னர் மாரடைப்பில் போய்விட்டான். அடுத்த குளிர்காலத்தில் ஆர்டிஸ் தானே துளை போட்டாள், தானே எழுதினாள். கடைசியில் தன் பெயரைப் போடக் கை வரவில்லை. வெர்னர் என்றே போட்டாள். ஊருக்கு விஷயம் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கத்து மனிதர்கள் அப்படித்தான், துக்கத்தைக் கண்டால் காபியை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் குளிரைப் பற்றிப் பேசுவார்கள். கடையின் இணைய முகவரியும் செத்தவன் பெயரிலேயே தொடர்ந்தது.

அந்தப் பெயருக்கு ஒரு வசந்தத்தில் கடிதம் வந்தது. மேலே அரசாங்க முத்திரை போல ஒரு கழுகு. 'உங்கள் இணைய முகவரி காலாவதியாகிறது. உடனே புதுப்பிக்காவிட்டால் இழந்துவிடுவீர்கள்.' அந்தப் பக்கமும் போய்விட்டால் வெர்னர் இன்னொரு தடவை சாவான். வேறெதுவும் ஆர்டிஸுக்குத் தோன்றவில்லை. அவன் கையெழுத்தைப் போலவே போட்டு, காசோலையோடு அனுப்பிவிட்டாள். அடியில் எறும்பு எழுத்தில், இது பில் அல்ல, விளம்பரம் என்று இருந்தது. பாவிகள், நாளைக்குப் போலீஸ் கேட்டால் காட்டுவதற்காக அச்சடித்த வரி அது.

முகவரியை உண்மையில் விற்ற கம்பெனியோ வெர்னரின் மின்னஞ்சலுக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தது. அதைத் திறக்க அவளுக்குத் தைரியம் வந்ததே இல்லை. கோடை முழுக்க எல்லாம் அங்கேயே விழுந்து கிடந்தன.

டிசம்பர் தொடக்கத்தில் ஏரி உறைந்தது. குறுகலில் கரையில் நின்றபடியே துளை போட்டுப் பார்த்தாள். இரண்டு விரற்கடை கூட இல்லை, கீழே கறுப்பாகத் தண்ணீர் சுழித்தது. கடைக்கு வந்து எழுத உட்கார்ந்தால் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. சனியன் பிடித்த கணினி என்று திட்டினாள். எழுதாவிட்டால் யாரும் இறங்கப்போவதில்லை என்ற நிம்மதியில் காபி போட எழுந்தாள். அப்போது வெர்னரின் தம்பி ரெய்னோ போன் செய்தான்.

"அண்ணி, குஞ்சுமீனை மறந்துட்டு வந்துட்டேன். யாராவது இந்தப் பக்கம் வந்தா கொடுத்து விடேன்."

"எந்தப் பக்கம்டா?"

"ஐஸ்லதான். சறுக்குவண்டியை இழுத்துக்கிட்டுக் குறுகலுக்குப் போய்க்கிட்டிருக்கேன்."

"யார்ரா உன்னை இறங்கச் சொன்னது?"

"நல்லா இருக்கே கதை! நீதானே போட்டிருக்க, பதினாலு அங்குலம், தாராளமா வாங்கன்னு. டிசம்பர்லயேவான்னு எனக்கே சந்தேகம்தான். ஆனா வெர்னர் சொன்னா சரியாத்தானே இருக்கும்?"

அவள் கடையின் முகவரியை அடித்துத் திறந்தாள். அதே சிவப்பு மரவீட்டுப் படம். அதே எழுத்து. இன்றைய தேதி. 'இன்று பதினாலு அங்குலம். தாராளமா வாங்க. வெர்னர்.' அந்த வரியை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய கடைசி ஜனவரியில், அவள் பக்கத்தில் நிற்கும்போது அவன் எழுதியது. அடியில் மட்டும் ஏதோ சூதாட்ட விளம்பரம் மினுமினுத்தது.

"ரெய்னோ, அது நான் எழுதலை."

"பின்னே யாரு எழுதினா?"

போனுக்குள் நீளமாக ஒரு முனகல் கேட்டது. ஐஸ் விரிசல் விடும் சத்தம்.

"படுடா! குப்புறப் படு! வண்டியை விட்டுத் தொலை, வந்த வழியே ஊர்ந்து வா!"

கயிற்றை எடுத்துக்கொண்டு செருப்புக்காலோடு ஓடினாள். ரெய்னோ இடுப்புவரை நனைந்து, கயிற்றைப் பிடித்துக் கரையேறினான். சறுக்குவண்டி போய்விட்டது. குளிரில் பல் தந்தியடிக்கும்போதும் அவன் அதையே கேட்டான்: "யாரு அண்ணி எழுதினது?"

நூலகத்தில் வேலை பார்க்கும் மார்லிஸ்தான் விஷயத்தைப் புட்டுப் புட்டு வைத்தாள். கடிதக்காரர்கள் பணத்தை விழுங்கியதோடு சரி. முகவரி காலாவதியாகிவிட்டது. விளம்பரத்துக்காக எவனோ அதை வாங்கி, பழைய பக்கத்தை நகல் எடுத்துப் போட்டுவிட்டான். தேதி மட்டும் தானாக மாறிக்கொள்கிறது.

"ஐஸ்னா துளை போடாம காலை வைக்க மாட்ட. அந்தக் கடிதாசிக்கு ஒரு துளை போட்டுப் பார்த்தியா?" என்று மார்லிஸ் கடிந்துகொண்டாள். "யார்கிட்ட வாங்கினோமோ அவங்களுக்கு ஒரு போன், அவ்வளவுதான். கடிதாசில இருக்கிற நம்பருக்கு இல்ல, நம்ம பழைய ரசீதுல இருக்கிற நம்பருக்கு. அப்புறம், தயவுசெஞ்சு உயிரோட இருக்கிற ஆள் பேர்ல வை."

புது முகவரி வாங்கினார்கள், ஆர்டிஸ் பெயரில். பழையதை எடுக்கச் சொல்லி எழுதியதற்கு எங்கிருந்தும் பதில் இல்லை. வெளியூர்க்காரர்கள் தேடினால் இன்னமும் அதுதான் முதலில் வருகிறது. அதனால் வண்டிகள் ஏரிக்குள் இறங்கும் இடத்தில் ஒரு பலகை அடித்தாள். ரெய்னோ ஆணியைப் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. 'வெர்னர் சொன்னால் நம்பாதீர்கள். இப்படிக்கு, ஆர்டிஸ் மாக்கி.'

ஜூலையில் ஒரு காலை, ஏரி முழுக்கப் படகுகள். கடையைத் திறந்ததும் வழக்கம்போல அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். இன்றைய தேதி. பதினாலு அங்குலம். தாராளமா வாங்க.

"இரு, வரேன்," என்றாள் ஆர்டிஸ், கீழே இருந்த வெர்னரின் பெயரைப் பார்த்து. "இப்ப இல்ல."

கணினியை அணைத்துவிட்டு, பலகையில் வெளுத்துப்போன எழுத்துக்கு மறுபடி சாயம் பூசப் போனாள்.