அமெரிக்கன் மா

என் மகள் இப்போதெல்லாம் ஒரு போத்தல் ஜாம் வாங்கப் பத்து நிமிடம் எடுக்கிறாள். அமெரிக்கச் சாமான் வாங்குவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறாள். அதனால் ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கிறாள். நான் ஒஸ்லோவில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். பொருள் பிறந்த நாடு வேறு, பொதி கட்டிய நாடு வேறு, இலாபம் போய்ச் சேரும் நாடு வேறு என்று விதி எண்ணோடு விளக்கத் தொடங்கினேன். “அம்மா, உங்களோட கடைக்கு வந்தால் பட்டினிதான்” என்று தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் அந்த விதியின் முதல் பாடத்தை நான் அலுவலகத்தில் படிக்கவில்லை. பத்து வயதில், ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கும் ரொம்மனில், பிட்டு அவிகிற அடுப்புக்குப் பக்கத்தில் நின்று படித்தேன்.

அப்போது ஒஸ்லோவில் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்பாவுக்கு வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை. நானும் அம்மாவும் ரொம்மன் மாடிக்குடியிருப்பில் மாமாவோடு இருந்தோம். மாமா அம்மாவின் தம்பி. விறகு எரித்து வீட்டைச் சூடாக்கும் இரும்பு அடுப்புகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். என்னைத் தோளில் ஏற்றிப் பனியில் ஓடுவார். நோர்வேயில் எனக்கிருந்த ஒரே வாகனம் அவர்தான்.

அந்தக் குளிர்காலத்தில் தொழிற்சாலையை ஒரு அமெரிக்கக் கொம்பனி வாங்கியது. அங்கிருந்து ஒரு பெரியவர் வந்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். இயந்திரங்களைக் கழற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் அங்கேயே அடுப்புச் செய்யப்போகிறார்கள் என்று கதை பரவியது. மாமாவின் வேலை அனுமதி அந்தத் தொழிற்சாலையின் பெயரில் இருந்தது. வேலை போனால் அனுமதி போகும், அனுமதி போனால் மாமா போவார். இந்த நடைமுறையை அம்மா எனக்கு ஒரே மூச்சில் விளக்கினாள். இதைவிடத் தெளிவாக எந்தச் சுற்றுநிருபமும் பிறகு எனக்கு வந்ததில்லை.

மாமா யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்தவர் என்பதால் அமெரிக்கருக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனார். ஒரு மாலை அவர் மாமாவைக் காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். நானும் அம்மாவும் கீழே நின்றிருந்தோம். இறங்கும்போது மாமா சொன்னார், ஒருநாளைக்கு வீட்டுப் பக்கம் வாருங்கள் என்று. எங்கள் ஆட்களுக்கு அது அழைப்பு அல்ல; வணக்கத்துக்கு அடுத்த சொல். அமெரிக்கர் சட்டைப்பையிலிருந்து டயரியை எடுத்து, எப்போது என்று கேட்டார்.

மாமாவின் முகத்தை நான் பார்த்தேன். வாய் சிரித்தபடியே நின்றது. கண்கள் மட்டும் மூன்றாம் மாடிக்கு ஓடிப்போய் வீட்டில் எத்தனை நாற்காலி என்று எண்ணின.

“ஏனடா கூப்பிட்டனீ?” என்றாள் அம்மா, கார் மறைந்ததும்.

“நான் எங்கை கூப்பிட்டனான்? மரியாதைக்கெல்லோ சொன்னனான்!”

“மரியாதை வியாழக்கிழமை ஆறு மணிக்கு வருதாம். இப்ப சமைக்கிறது ஆர்?”

மாமா தோற்றுப்போகும் ஆள் இல்லை. இரவே ஒரு திட்டம் போட்டார். மனிதர் கண்ணில் படுவதெல்லாம் அமெரிக்கச் சாமானாக இருக்க வேண்டும். தன் நாட்டை இவ்வளவு மதிக்கும் தொழிலாளியை எந்த முதலாளி நடுத்தெருவில் விடுவான்? மறுநாள் தக்காளிச் சோஸ் வந்தது, கோர்ன்ஃபிளேக்ஸ் வந்தது, ஒரு ஜீன்ஸ் வந்தது. கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டி பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டது. நோர்வேச் சாமான்கள் தலைமறைவாயின. அப்பா ஹம்மர்பெஸ்டிலிருந்து அனுப்பிய, என் உயரத்தில் பாதி இருந்த காய்ந்த மீன் குளியலறைக்கு நாடுகடத்தப்பட்டது.

“சாப்பாடு?” என்று கேட்டார் மாமா.

“பயப்பிடாதை, அமெரிக்கன் மாவிலைதான் பிட்டு” என்றாள் அம்மா.

இங்கேதான் நான் உள்ளே வருகிறேன். யாழ்ப்பாணத்தில் கோதுமை மாவுக்கு அமெரிக்கன் மா என்று பெயர். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. எனக்கு அது தெரியாது. வியாழக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, புதிதாகக் கற்ற நோர்வேஜிய எழுத்தறிவால் மாப் பையைப் படித்தேன். பெரிய எழுத்தில் நோர்வே மா என்று போட்டிருந்தது. பக்கத்தில் நோர்வேக் கொடி.

கடைக்காரன் அம்மாவை ஏமாற்றியிருக்கிறான். அமெரிக்கர் பையைப் பார்த்தால் மாமாவின் கதை முடிந்தது. அம்மா தூக்கத்தில் இருந்தாள். என் பிறந்தநாள் காசோடு கடைக்கு ஓடி, அமெரிக்க மா வேண்டும் என்று நோர்வேஜிய மொழியில் கேட்டேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிவிட்டு, கடைசித் தட்டிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்தார். மேலே அமெரிக்கக் கொடி. கீழே ஒரு மஞ்சள் கேக். மா தானே என்று கேட்டேன். மாவும் உண்டு என்றார். நேர்மையான மனிதர்.

அம்மா அவித்து அரித்துத் தகரத்தில் வைத்திருந்த மாவை என் பள்ளிப் பையில் கொட்டினேன். பெட்டி மாவைத் தகரத்தில் நிரப்பினேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே சரக்கு மாற்றுக் குற்றம் இதுதான்.

ஐந்தரைக்கு அம்மா சுடுதண்ணீர் விட்டுக் குழைத்தாள். மா பாகாகிக் கையில் ஒட்டியது. “இதென்ன மா இது, வாசமடிக்குது?” என்று மணந்து பார்த்தாள். வேறு மாவுக்கு நேரமில்லை. தேங்காய்ப் பூவை அள்ளிப் போட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த ஓலை நீத்துப்பெட்டியில் திணித்து ஆவியில் வைத்தாள். கூம்பு வடிவப் பெட்டிக்குள் மா மெல்ல மூச்சு விடத் தொடங்கியது. பிறகு எழும்பியது. மூடியைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது. “தம்பி, பிட்டு வெளியிலை வருது!” என்று அம்மா கத்திய அந்த நொடியில் வாசல் மணி அடித்தது.

அமெரிக்கர் உள்ளே வந்தார். சோஸைப் பார்த்தார், கோர்ன்ஃபிளேக்ஸைப் பார்த்தார், மாமாவின் ஜீன்ஸைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடியது. கை கழுவக் குளியலறைக்குப் போனார். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது காய்ந்த மீனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பிள்ளை பிறந்த தகப்பன் மாதிரி வந்தார்.

அவருடைய தாத்தா ஹம்மர்பெஸ்டிலிருந்து மினசோட்டாவுக்குக் கப்பல் ஏறியவராம். இப்படியொரு மீனைப் பற்றிச் சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாராம். நோர்வேக்கு வந்து இரண்டு கிழமையாகியும் எல்லோரும் தனக்கு அமெரிக்கச் சாப்பாடே தருகிறார்கள் என்று முறையிட்டார். மாமா அதை மொழிபெயர்த்தபடியே சோஸ் போத்தலைக் காலால் மேசைக்கடியில் தள்ளினார்.

கூம்புக் கேக்கை அம்மா வேறு வழியில்லாமல் மீன்குழம்போடு வைத்தாள். இனிப்பும் உறைப்புமாக அவர் மூன்று கூம்பு சாப்பிட்டார். இது எந்த நாட்டுப் பலகாரம் என்று கேட்டார். மாமா அம்மாவைப் பார்த்தார். மாமாவைக் காப்பாற்ற நான் ஓடிப்போய் அத்தாட்சியைக் கொண்டுவந்து வைத்தேன்: கொடி போட்ட இரண்டு வெறும் பெட்டிகள். அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு வேறு நாளில் என்றால் அகப்பைக்காம்பு பின்தொடர்ந்திருக்கும்.

அமெரிக்கர் பெட்டியைத் திருப்பிச் சிறிய எழுத்தை மாமாவிடம் வாசிக்கக் கொடுத்தார். மாமா வாசித்தார்: ஒஸ்லோவில் தயாரித்தது. அமெரிக்கர் சிரிக்கத் தொடங்கினார். மாமா சிரித்தார். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். நான் மட்டும் அழுதேன்.

பிற்காலத்தில் பழைய இறக்குமதிக் கோப்புகளைப் புரட்டியபோது, நோர்வே ஆலைகள் அரைத்த கோதுமையில் அமெரிக்கக் கோதுமையும் இருந்ததைக் கண்டேன். என் பள்ளிப் பையில் ஒளிந்திருந்ததுதான் ஒருவேளை உண்மையான அமெரிக்கன் மா. ஆனால் அரைத்தால் பிறந்த நாடு மாறும் என்பது விதி. ஆகவே அன்று மேசையில் சட்டப்படி நிரூபிக்கக்கூடிய அமெரிக்கச் சரக்கு விருந்தாளி ஒருவர்தான். அவருக்கும் மூலப்பொருள் ஹம்மர்பெஸ்ட்.

என் கண்ணைத் துடைத்துவிட்டு அவர் மாமாவிடம் சொன்னார்: தொழிற்சாலை எங்கும் போகாது. எங்கள் ஊரில் இந்த அடுப்பை வாங்குவதே அது நோர்வேயில் செய்தது என்பதற்காகத்தான். அமெரிக்காவில் செய்தால் அங்கே யார் வாங்குவார்கள்? மாமா இதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினார். அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

வாசலில் கோட்டை மாட்டிக்கொண்டே அமெரிக்கர் மாமாவின் கையைக் குலுக்கினார். ஒருநாளைக்கு மினசோட்டாப் பக்கம் கட்டாயம் வாருங்கள் என்றார்.

மாமா ஜீன்ஸ் பையிலிருந்து ஒரு டயரியை எடுத்தார். எப்போது என்று கேட்டார்.

அடுத்த கோடையில் மாமா அங்கே போய் மூன்று கிழமை நின்றுவிட்டு வந்தது வேறு கதை. அந்த நொடியில் நான் கண்டது அமெரிக்கரின் முகத்தை. வாய் சிரித்தபடியே நின்றது. கண்கள் எங்கோ தூரத்தில் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தன. பாவம், மூன்று கூம்பும் செமிக்கவில்லை என்று நினைத்து, நான் அடுப்படிக்கு ஓடி ஒரு தம்ளர் ஓமத்தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அவர் ஒரே மடக்கில் குடித்தார்.