மாவேலிக்கு என் மெட்டல் பாட்டு

இன்றைக்கு ஆபீஸ் ஓணத்தில் எனக்குத் துரோகம் நடந்தது.

காலேஜில் கண்ணனும் நானும் ஒரே ஹெவி மெட்டல் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவர்கள். அட்டையில் கொம்பும் முகச்சாயமுமாகப் பாடகன் முறைப்பான். "இது நம்ம ரெண்டு பேருக்குத்தான்டா புரியும்" என்று அன்றைக்குச் சொன்னதே கண்ணன்தான்.

இன்றைக்கு அவன்தான் மாவேலி, ஓணத்துக்கு வருகிற மகாபலி ராஜா. தலையணைத் தொப்பை, ஓலைக்குடை. அவன் மேடை ஏறியதும் ஸ்பீக்கரில் அந்தக் கேசட்டின் முதல் பாட்டு!

ஹாலே அரண்டு போகும் என்று காத்திருந்தேன். எல்லோரும் தாளம் பிசகாமல் கை தட்டினார்கள். அக்கவுண்ட்ஸ் ஷைலஜா சேச்சி இரண்டாவது சுற்றிலேயே கோரஸைப் பிடித்துவிட்டார்.

சத்யை விருந்துக்கு இலை முன்னால் உட்கார்ந்ததும் கண்ணனைக் கேட்டேன். "ஏண்டா இப்படிப் பண்ணினே?"

கண்ணன் பப்படத்தை நொறுக்கினான். "எடா, மாவேலியும் அசுரன்தானே? அசுரனைப் பூக்கோலம் போட்டுக் கூப்பிடுற ஊர்ல, கொம்பைப் பார்த்து எவன்டா பயப்படுவான்?"

எதிர் இலையிலிருந்து சேச்சி சொன்னார்: "நல்ல பாட்டு மோனே. என் பிள்ளைங்க டான்ஸ் ஆடட்டும், அந்த கேசட்டைத் தருமோ?"

கண்ணனைக்கூட மன்னித்துவிடுவேன். பத்து வருஷமாக என்னோடு இருந்த பாட்டு, ரெண்டே நிமிஷத்தில் சேச்சி பக்கம் போய்விட்டதே, அதை என்ன செய்ய? சொல்லுங்கள்.

கண்ணா, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். நீ வாயைத் திறக்காதே.