கல்மேசையின் இடப்பக்கம்

எங்கள் அச்சகத்தில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுபவருக்கு ஒரே வேலைதான். அச்சாகி முடிந்த பக்கத்தின் நூல்கட்டை அவிழ்த்து, ஈய எழுத்துகளைப் பிரித்து, கேஸ் என்கிற மரத்தட்டில் அதனதன் அறையில் போட வேண்டும். முன்பு அவரும் அச்சுக் கோத்தவர்தான். கண் மங்கியதும் பிரிப்புக்கு வந்துவிட்டார். பகல் முழுக்க நின்றபடி ஆயிரக்கணக்கில் போடுவார். மறுநாள் பார்த்தால் அத்தனையும் மறுபடி பக்கமாகக் கட்டிக் கிடக்கும்.

“பாத்திரம் கழுவுற மாதிரிதான் தம்பி இதுவும். என்னைக்குத் தீர்ந்துச்சு?” என்பார்.

நான் டிரெடில் என்கிற கால்மிதி அச்சு மிஷின் ஓட்டுபவன். முதுகுவலியும் வாய்த்துடுக்கும் எனக்கு நிரந்தரம்.

கல்மேசையில் எங்களுக்கு ஒரு வழக்கம். அச்சாக வேண்டிய பக்கம் இடப்பக்கம், முடிந்தது வலப்பக்கம். பிழை பார்க்க ஒரு தாளில் புரூப் எடுத்ததுமே மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிடுவதால், இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வைத்த இடத்தை நம்பித்தான் வேலை நடக்கும்.

அன்று அக்காவின் மகன் வருவதாக இருந்தது. பார்த்து மூன்று வருடமாகிறது. வீட்டுக்கு அல்ல, வேறொரு ஊருக்கு வேலை மாறிப் போகிற வழியில், நாலு பத்துக்கு அவன் ரயில் எங்கள் ஸ்டேஷனில் இருபது நிமிடம் நிற்கும். அவ்வளவுதான். அதற்காக முதலாளியிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கியிருந்தார். புதுச் செருப்பு வேறு. கடிக்கிறது என்று காலையிலிருந்தே புலம்பல்.

“ஆளு இளைச்சிருப்பானோ என்னவோ.”

“இதோட பதினோரு தடவை கேட்டாச்சுக்கா.”

ஒரு மணிக்கு டீ வந்தது. வைக்க இடமில்லை. இடப்பக்கம் இருந்த பள்ளித் தேர்வுத்தாளின் கடைசிப் பக்கத்தை வலப்பக்கம் தள்ளி, அந்த இடத்தில் டம்ளரை வைத்தேன். குடித்துவிட்டு மிஷினுக்குப் போய்விட்டேன். முக்கால் மணி கழித்து அந்தப் பக்கத்தை எடுக்க வந்தால், அக்கா அதன் கடைசி வரியைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரிக்கும்போது எழுத்துகளை வாய் முணுமுணுக்கும், மனசில் ஒன்றும் ஏறாது.

முதலாளி குதித்தார். “ஆறு மணிக்குப் பள்ளிக்கூடத்துல இருந்து ஆள் வந்து நிக்கும். கோக்கிறவன் இன்னைக்கு லீவு. கலைச்சவங்களே கோத்துக் குடுத்துட்டுப் போங்க.”

அக்கா கல்மேசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மிஷினுக்கு எண்ணெய் விட ஆரம்பித்தேன். தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தால், முதலாளி என்னைத்தான் நிறுத்தியிருப்பார். தட்டுத்தடுமாறி எனக்கும் கோக்கத் தெரியும். ஆனால் ஏற்கனவே இரண்டு முறை எச்சரிக்கை வாங்கியவன் நான். மூன்றாவது என்றால் சீட்டுக் கிழிந்துவிடும். பயந்துவிட்டேன். அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

புரூப் தாளை மூக்கருகே பிடித்துப் பிடித்துப் பார்த்து, அக்கா ஒவ்வொரு எழுத்தாகக் கோத்தார். நாலு பத்துக்கு ரயில் கூவியது. கை நிற்கவில்லை. நாலரைக்குப் புறப்படும்போதும் கூவியது. பக்கம் முடிய ஐந்தாகிவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஸ்டேஷன் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் நான் உள்ளே நுழைந்தபோது, கல்மேசையின் இடப்பக்கத்தை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். டீக்கறை வட்டமாகக் காய்ந்து கிடந்தது.

“டம்ளர இனிமே ஜன்னல்ல வை, தம்பி.”

“நேத்தே தெரியுமாக்கா?”

“தெரியும். உன் வேலையும் போயி யாருக்கு என்ன ஆகப்போவுது?” துணியைப் பிழிந்தார். “ரயில் கதவுகிட்டயே நின்னுட்டு இருந்திருப்பான்.”

அவ்வளவுதான் பேசினார். ஆனால் அன்றிலிருந்து எந்தப் பக்கத்தின் கட்டை அவிழ்ப்பதற்கு முன்னும், வலப்பக்கத்திலேயே இருந்தாலும், என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கேட்கிறார்.

“இது அச்சாயிடுச்சா, தம்பி?”

கோபமே இல்லாமல்தான் கேட்கிறார். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை.