வெள்ளை மாத்திரையும் தூங்கிப்போன சுரப்பியும்

ராட்டர்டாமில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் போனை எடுக்கிற பெண்ணைச் சமாளிக்க வேண்டும். என்ன சொன்னாலும் பாராசிட்டமால் போட்டு இரண்டு நாள் பொறுக்கச் சொல்வார். எனக்கோ மூட்டெல்லாம் வலி, எழுந்தால் தலைசுற்றல், சோற்றைக் கண்டால் குமட்டல். செத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "எத்தனை நாளாக?" என்றார் நிதானமாக. ஐந்தாவது போனில்தான் ஹாய்ஸ்ஆர்ட்ஸ், அதாவது குடும்ப டாக்டர், நேரம் ஒதுக்கினார். அதற்குள் உயில் எழுத உட்கார்ந்து, எழுத ஒன்றுமில்லாததால் எழுந்துவிட்டிருந்தேன்.

நம்மூரில் இந்த அவமானம் கிடையாது. நான் திருவொற்றியூர்க்காரன். காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தபோது முழங்கால் வீங்கினால், தண்டையார்பேட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் "ஒரு செட்டு குடு நைனா" என்பேன். நாலு மாத்திரையைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துத் தருவார். மாத்திரையின் பெயர் கேட்டால் மரியாதைக் குறைவு. மறுநாள் ஏணியில் ஏறிவிடுவேன். அந்த நாலில் சின்ன வெள்ளை மாத்திரைதான் கைகண்டது என்று அதை மட்டும் தினமும் விழுங்கினேன், இரண்டு வருடம். முகம் உப்பியதற்குக்கூட, "மாமு, மூஞ்சி சும்மா பளபளன்னு கீது" என்று தோஸ்து மணி பாராட்டினான். இங்கே வெல்டர் வேலைக்கு வரும்போது ஆறு மாதத்துக்கு வாங்கி வந்தேன். அது தீர்ந்த வாரம்தான் இந்தக் கூத்து.

டாக்டர் மாத்திரையின் பெயர் கேட்டார்.

"சின்னது. வெள்ளை."

"எழுதிக் கொடுத்தது யார்?"

"கடைக்காரர்."

"அவரிடம் உங்கள் விவரம் இருக்குமா?"

"இருக்கும். என் முகம் அவருக்கு நன்றாகத் தெரியும்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். அங்கிருந்தே மணிக்கு போன் போட்டு, கடைக்கு ஓடச் சொன்னேன்.

"பேரு கேட்டா மொறைக்கிறாரு மாமு. போலீஸ் கேசான்றாரு."

"டேய், நான் சாவக் கெடக்கிறேன்டா!"

"சொன்னேனே. சாவக் கெடக்கிறவன் இப்டி கத்துவானான்றாரு."

கடைசியில் அட்டையைப் பிடுங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். ஸ்டீராய்டு என்றார் டாக்டர்.

டாக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டார், அது செல்லாம். அடிபட்டால் அதன் நடுவிலுள்ள சில மரபணுக்கள் விழித்து, வீக்கத்தைக் கூட்டும் புரதங்களைச் செய்யச் சொல்கின்றன. சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பியிலிருந்து வரும் கார்டிசால் செல்லுக்குள் நுழைந்து, பூட்டில் சாவி போல அங்குள்ள ஓர் ஏற்பியோடு சேர்ந்து, நடுவுக்கே போய் அந்த மரபணுக்களை அடக்குகிறது. வெளியிலிருந்து மாத்திரையாகத் தினமும் அதே சரக்கு வந்தால் மூளை சுரப்பிக்கு ஆணை அனுப்புவதை நிறுத்திவிடும். சுரப்பி சுருங்கித் தூங்கிப்போகும். வீக்கத்தை ஜெயித்ததாக நான் மார்தட்டிய இரண்டரை வருடமும், அதை அடக்குகிற ஒரே ஆளை வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"திரும்ப விழிக்குமா?"

"பெரும்பாலும். மாதக்கணக்காகலாம். சிலருக்கு விழிப்பதில்லை." அதுவரை அதே மருந்தைக் குறைந்த அளவில் தினமும் போட வேண்டும், ஏணி ஏறும் வேலை கூடாது என்று எழுதிக் கொடுத்தார். ஏணி ஏறாத வெல்டரை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்று கம்பெனி இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் ரத்தம் எடுத்தார்கள். அன்று காலை மாத்திரை போடக் கூடாது. குழாயில் ஏறுவது சொந்தச் சரக்காக இருக்க வேண்டும். பரீட்சை எழுதின பையன் மாதிரி முடிவுக்கு நடுங்கினேன். வேண்டியதில் பாதி சுரக்கிறதாம். மீதிக்கு இங்கே தரும் மாத்திரையை நகத்தால் உடைத்துப் போட்டுக்கொள்கிறேன். ஆக, பாதி உடம்பைத் திருவொற்றியூர்ச் சுரப்பி ஓட்டுகிறது, பாதியை ராட்டர்டாம் மாத்திரை. காலையில் கட்டிலை விட்டு இறங்கித் தலை சுற்றினால், இருவரில் இன்று யார் லீவு என்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.