டின்னில் இல்லாத பதினோரு அட்டைகள்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்னும் எனக்குக் குழப்பம்தான். படிக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுவது என் வேலை. வீடு ஸ்ரீரங்கத்தில். மூத்த மகள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய வருஷம், பொங்கல் சமயத்தில் என் மனைவிக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை.

மகளுக்கு மற்றப் பாடங்கள் வரும், இங்கிலீஷ்தான் வராது. பாஸ் பண்ணினால் டீச்சர் ட்ரெயினிங். தவறினால் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை என் மைத்துனன்தான், மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் வேலை. இப்படித்தான் வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்.

சிநேகிதியிடம் ஒரு இங்கிலீஷ் நோட்டை இரண்டு நாள் இரவல் வாங்கி வந்தாள். ஒரே அர்த்தமுள்ள சொற்கள் பாதி, எதிர்ச்சொற்கள் பாதி. சேலை மடிப்புக்குள் வைத்து வரும் அட்டைகளைக் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தேன். அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு பக்கம் ஒரு சொல்லும் மறுபக்கம் அதன் ஜோடியும் எழுதினாள். நான் படிப்பதற்காகக் கீழே தமிழ் எழுத்திலும் எழுதினாள். எதிர்ச்சொல் அட்டைக்கு மூலையில் பெருக்கல் குறி. எல்லாமாக இருநூறு. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

தினமும் காலையில் சாமி விளக்கேற்றியதும் நாங்கள் இருவரும் உட்கார்ந்துவிடுவோம்.

"கிளாட்" என்பேன்.

"ஹேப்பி."

"ஜெனரஸ். பெருக்கல் போட்டிருக்கு."

"மைசர்லி. கஞ்சன்னு அர்த்தம்ப்பா. உங்க முதலாளி மாதிரி."

"மெதுவாச் சொல்லும்மா. மலைக்கோட்டை வரைக்கும் கேட்டுறப் போவுது."

அடுப்படியிலிருந்து மனைவி சிரிப்பாள். "கடையில வாயத் திறக்காத மனுஷன், இங்க துரை கணக்கா கேள்வி கேக்குறதப் பாரு!"

அது உண்மை. என் ஆயுசில் நான் அதிகம் பேசியது அந்தக் காலை நேரங்களில்தான். அர்த்தம் தெரியாத சொற்கள் என்பதால் கூச்சமே இல்லை.

ஒரு நாள் "ஃபெர்டைல்" என்றேன். "ஸ்டெரைல்" என்றாள்.

"அப்படின்னா என்னடி?" என்று மனைவி கேட்டாள்.

"செழிப்பும்மா. அதுக்கு எதிர், மலடு."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "காலங்காத்தால விளக்கு எரியறப்ப இது என்ன பேச்சு?"

"பாடம்மா. பரீட்சையில கேப்பாங்க."

"கேக்கட்டும். என் காதுல விழ வேணாம்." வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அன்று கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. எங்கள் கடையில் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. கேட்ட கலர் இல்லாவிட்டால் 'நாளைக்கு வந்துடுங்க' என்போம். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்போம். இருபது வருஷமாக அப்படிப் பேசிப் பழகிய நாக்கு, விளக்குக்கு முன்னால், பிள்ளைத்தாய்ச்சி காதுபட, எதையெதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததோ என்று பயம் வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு அட்டைக்கும் மகளிடம் அர்த்தம் கேட்டேன். அப்பாவும் படிக்கிறார் என்று அவளுக்குச் சந்தோஷம். பிராஸ்பெரிட்டிக்கு எதிர் அட்வர்சிட்டி, கஷ்டகாலமாம். சர்வைவுக்கு எதிர் பெரிஷ், அழிந்துபோவதாம். ப்ளெஸ் என்றால் வாழ்த்து, அதற்கு எதிர் கர்ஸ், சாபம். அவள் பள்ளிக்கூடம் போன பிறகு அப்படிப்பட்டவற்றைப் பொறுக்கி எடுத்தேன். பதினோரு அட்டைகள். என் டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்தேன். பிரசவம் ஆனதும் திரும்ப டின்னில் போட்டுவிடலாம் என்று எண்ணினேன்.

பரீட்சை முந்திக்கொண்டது.

இங்கிலீஷ் எழுதிவிட்டு வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "எதிர்ச்சொல் அஞ்சு கேட்டாங்கப்பா. ரெண்டுதான் எழுதினேன்."

"மத்த மூணு?"

"ப்ளெஸ், சர்வைவ், பிராஸ்பெரிட்டி. அட்டையில எழுதின ஞாபகம் இருக்கு. ஜோடிதான் வரவே இல்லை."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு காவிரிக்கரை அம்மா மண்டபம் பக்கம் நடந்தேன். அட்டைகள் பெட்டியிலேயே கிடந்தன.

எட்டாம் நாள் பையன் பிறந்தான். தாயும் பிள்ளையும் சுகம். ரிசல்ட் வந்தபோது மகளுக்கு மற்றதெல்லாம் பாஸ், இங்கிலீஷில் இரண்டு மார்க் குறைவு. "பரவாயில்லப்பா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். தையில் கல்யாணம் நடந்தது. மைத்துனன் நல்லவன், அதில் குறை இல்லை.

பையன் வாசலில் ஓடி விளையாடுவதைப் பார்க்கும்போது, அட்டைகளை எடுத்ததால்தான் தங்கினானோ என்று ஒரு எண்ணம் வரும். உடனே மண்ணச்சநல்லூரில் இருக்கும் மகள் ஞாபகம் வரும்.

போன வாரம் மகள் வந்திருந்தாள். பிரைவேட்டாகப் பரீட்சை எழுதப் போகிறாளாம். அவள் வீட்டுக்காரரே பணம் கட்டிவிட்டாராம்.

"அந்த பிஸ்கட் டின் இருக்காப்பா?"

"இருக்கும்மா."

"இருநூறு இருக்கணும். எண்ணி எடுத்து வைங்க. ஞாயித்துக்கிழமை அவர வரச் சொல்றேன்."

காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தெரிந்து சொன்னாளா, சும்மா சொன்னாளா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்து பதினொன்றையும் எடுத்தேன். டின்னில் போட்டு இரண்டு தரம் எண்ணினேன். இருநூறு சரியாக இருக்கிறது. இந்தத் தாளை மடித்து மேலே வைக்கிறேன். கண்ணு, உன்னைப் பார்த்துச் சொல்ல முடியாததால் வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல எழுதிவிட்டேன். அந்த இரண்டு மார்க்கைக் குறைத்தது நான்தான். உன் அம்மாவுக்கு இது தெரியாது. பதினொன்றையும் மேலாகவே வைத்திருக்கிறேன், முதலில் அவற்றைப் படி.

19 ஜூன் 1966, ஞாயிற்றுக்கிழமை.