பிள்ளைப்பாக்கம் பதிவர் சந்திப்பில் ஐந்து நிமிடம்

இணையத்தில் எழுதுகிறவர்கள் கூடும் சந்திப்பு, போன ஞாயிறு பிள்ளைப்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நான் போனது முத்துச்செல்விக்காக. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் நின்றுகொண்டே வேலை, பிள்ளைப்பாக்கத்தில் ஹாஸ்டல். அவள் எழுதும் வலைப்பூவை மொத்தம் நாற்பது பேர் படித்தால் அதிகம். அமைப்பாளரை நச்சரித்து அவளுக்கு 11.45க்கு வாசிக்க இடம் வாங்கியதே நான்தான்.

தாம்பரத்திலிருந்து ஒரகடத்துக்குப் பஸ், இருபத்தைந்து ரூபாய், ஒரு மணி நேரம். அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய்.

"மண்டபத்துல இன்னா சார், கல்யாணமா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லங்க, நெட்ல எழுதுறவங்க மீட்டிங்."

"நெட்ல எழுதறதுக்கு இன்னாத்துக்கு சார் மண்டபம்? அங்கியே பேசிக்கினு போவ வேண்டியதுதான?"

காசைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

பத்து மணிக் கூட்டம் 11.10க்குத் தொடங்கியது. முத்துச்செல்வி ஒன்பதரைக்கே வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள், கையில் நான்கு தாள்.

"ஒன்னேகாலுக்குக் கம்பெனி பஸ்ஸு வந்துரும்ணே, செகண்ட் ஷிப்ட். அதுக்குள்ள கூப்ட்ருவாங்கல்லா? வெள்ளிக்கிழமையோட காண்ட்ராக்ட் முடியுது. ஊருக்குப் போயிட்டா இப்படி நாலு பேர் முன்னால வாசிக்க எங்க முடியும்?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்மா" என்றேன். பெரிய இவன் மாதிரி.

முதலில் அறிமுகம். பெயருக்கு முன்னால் எத்தனை ஆயிரம் பேர் பின்தொடர்கிறார்கள் என்று சொல்ல வேண்டுமாம்! பிறகு பொன்னாடை. இவர் அவருக்குப் போர்த்த, அவர் அதையே மடித்து அடுத்தவருக்குப் போர்த்த, ஒவ்வொரு தடவையும் போட்டோ. சமையல் குறிப்பு எழுதுகிறவர் 'எழுத்துலகப் புயல்'. அவருக்குப் பட்டம் கொடுத்தவர் 'விமர்சனச் சிங்கம்'. வயிறு எரிந்தது எனக்கு.

12.35க்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடம், அடுத்தது முத்துச்செல்வி. இரண்டு வார்த்தை பேசிவிட்டு மைக்கை அவளிடம் கொடுப்பதாகத்தான் எழுந்தேன். தொகுப்பாளர் என்னைப் 'பயண எழுத்தின் பேரரசர்' என்றார். கைதட்டினார்கள். அவ்வளவுதான், ஆள் காலி. லடாக்கில் தொடங்கினேன். பனியில் வண்டி நின்றது, மூச்சு முட்டியது, ஒரு லாரிக்காரர் காப்பாற்றியது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். யாரும் நிறுத்தவில்லை, தங்கள் முறை வரும்போது அவர்களும் அப்படித்தான் பேசப்போகிறார்கள் அல்லவா? முடித்துவிட்டு மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். நாற்காலி காலி. மணி 1.10.

பொன்னாடையோடு ரோட்டுக்கு ஓடினேன். கம்பெனி பஸ் வந்து நின்றுகொண்டிருந்தது. அவள் படியில் கால் வைத்துவிட்டாள்.

"மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"பரவால்லண்ணே, நல்லாத்தான் பேசினீங்க." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "என்னுது நாலே நிமிசந்தாண்ணே. போன்ல டயம் வச்சு வாசிச்சுப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

பஸ் போய்விட்டது. திரும்பி வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்கங்கெட்ட வயிறு. வத்தக்குழம்பு நன்றாகவே இருந்தது.

இப்படிச் சந்திப்புகளுக்குப் போக நினைப்பவர்களுக்கு: ஒரகடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோ குறைவு, அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். வாசிக்க ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு முன்னால் பேசுவது யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் என்றால், போகாதீர்கள்.